பின்லாந்துச் சதுப்புகளில் பெரியம்மாவோடு

திங்கள்: நூக்ஸியோ

பின்லாந்தில் 41 தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. எதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. சாலையோரத்தில் ஒரு வாகன நிறுத்தம், ஒரு தகவல் பலகை, அதன் பக்கத்தில் தலையில் வண்ணம் பூசிய ஒரு மரக்குச்சி. அங்கிருந்து நடக்கத் தொடங்க வேண்டியதுதான். இந்த வாரம் தெற்கு பின்லாந்தின் சதுப்பு நிலங்களிலும் ஏரிக்கரைக் காடுகளிலும் எளிய பாதைகளாகத் தேடிப்பிடித்து நடக்கப்போகிறோம். அன்றன்றைய நடையை அன்றிரவே எழுதிவிடுவதாகத் திட்டம்.

பெரியம்மா, அவருடைய மகன், நான் என்று மூவர் போகிறோம். அண்ணன் எஸ்போ நகரில் வேலை பார்க்கிறார். பெரியம்மா கும்பகோணத்தில் கல்லூரி மாணவிகளுக்குத் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம்; கைத்தடி இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. இந்தப் பயணத்துக்கு அவரை இழுத்து வந்தது ஸ்ஃபேக்னம் என்ற பாசி. பணிக்காலம் முழுவதும் அதைப் பற்றிப் பாடம் நடத்தியவர், ஸ்பிரிட் பாட்டிலில் வெளுத்துக் கிடந்த மாதிரியையும் நுண்ணோக்கியின் கண்ணாடிச் சில்லையும்தான் பார்த்திருக்கிறார். உயிருள்ள ஸ்ஃபேக்னத்தைக் கையால் தொட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

இங்கே பாதைகளைக் கடினத்தின்படி தரம் பிரித்து நிறம் கொடுத்திருக்கிறார்கள். நீலம் என்றால் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். வழி காட்டுவதற்கு மரங்களிலும் குச்சிகளிலும் வேறு நிற அடையாளங்கள் உண்டு. அவை எந்தச் சுற்றுப்பாதை என்பதைச் சொல்பவை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும், வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியதில்லை.

நூக்ஸியோ ஹெல்சிங்கிக்கு மிக அருகில் இருக்கிறது. 1994இல் தேசியப் பூங்கா ஆனது. பறக்கும் அணில்தான் இதன் சின்னம். எஸ்போ மையத்திலிருந்து 245ஆம் எண் பஸ் வருகிறது. ஆனால் ஹௌக்கலம்பி குளத்தை அடைய நிறுத்தத்திலிருந்து ஏறத்தாழ 2 கி.மீ. நடக்க வேண்டும். அந்தத் தூரத்தைப் பெரியம்மாவின் முழங்கால்களுக்கு மிச்சப்படுத்தவே காரில் வந்தோம். ஹௌக்கலம்பியிலிருந்து மூன்று சுற்றுப்பாதைகள் புறப்படுகின்றன. ராபின் பறவையின் பெயர் தாங்கிய புனரின்னன்கியெரோஸ்தான் அவற்றில் சிறியது, சுமார் 2 கி.மீ. நூக்ஸியோ பாறை நிலம். வேர்களும் கற்களும் சிறு ஏற்றங்களும் இங்கே தவிர்க்க முடியாதவை. நல்ல கால் உள்ளவர்களுக்கு ஒரு மணி நேரமே தாராளம். நாங்கள் முற்பகல் முழுவதையும் எடுத்துக்கொண்டோம்.

நேரம் போனதற்குக் காரணம் முழங்கால் அல்ல, பாசி. காட்டுத் தரை முழுக்கப் பாசியால் மூடிக் கிடந்தது. வண்டியிலிருந்து இறங்கி ஐம்பது அடி போவதற்குள் பெரியம்மா ஒரு பாறைமேல் உட்கார்ந்து கைலென்ஸை எடுத்துவிட்டார். "இங்கே வந்து பாரும்மா, ஹைலோகோமியம்." ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பாசி முந்தைய ஆண்டின் தண்டின் நடுவிலிருந்து ஒரு புதிய தளிரை விட்டு, அதை இறகாக விரிக்கிறது. ஆண்டுக்கு ஒரு தட்டு. மேல்தட்டு இளம்பச்சை, அதற்குக் கீழுள்ளது கரும்பச்சை, அதற்கும் கீழே பழுப்பு. பறிக்காமல், இரண்டு விரல்களால் லேசாக விலக்கி, அவர் மேலிருந்து கீழாக எண்ணிக் காட்டினார். நான்காவது தட்டுக்குக் கீழே மக்கிய தழையோடு தழையாகக் கலந்துவிட்டது. என் கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஒரு செடி, தன் வயதைத் தட்டுத்தட்டாக எழுதி வைத்திருக்கிறது.

குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுற்றியுள்ள சதுப்புகளிலிருந்து ஊறிவரும் மக்குப் பொருள்களால் இங்கே தண்ணீர் பழுப்பாக இருக்கிறது. அழுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். கரையோரம் கையளவு ஆழத்தில் கிடக்கும் பைன் ஊசிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

செவ்வாய்: டொர்ரொன்சுவோ

இன்று பார்த்ததை எழுத எவ்வளவு இடம் எடுத்தாலும் தகும்.

ஹெல்சிங்கியிலிருந்து வடமேற்கே, தம்மெலா என்ற ஊராட்சியில், போரி நகருக்குப் போகும் 2ஆம் எண் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது டொர்ரொன்சுவோ. 1990இல் தேசியப் பூங்கா ஆன பெரும் சதுப்பு. நாட்டின் மிக ஆழமான சதுப்புகளில் ஒன்று. சில இடங்களில் பீட் படிவின் ஆழம் 12 மீட்டர். பீட் என்பது முழுமையாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த செடியுடல். பொதுவாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் அது வளர்கிறது. பனியுகத்தின் பனிப்பாளம் இந்நாட்டின் தென்பகுதியை விட்டு விலகியதிலிருந்து இன்றுவரை சேர்ந்தது அந்த 12 மீட்டர் என்று கணக்குப் போட்டால் ஏறக்குறையச் சரியாக வருகிறது.

கில்யாமோ என்ற இடத்தில் வண்டியை நிறுத்தினோம். கொஞ்ச தூரம் காடு. பிறகு மரங்கள் குட்டையாகின்றன, இடைவெளி விடுகின்றன, சட்டென்று வானம் திறக்கிறது. அங்கிருந்து பலகைப் பாதை. குறுக்கே கிடத்திய கட்டைகளின்மேல் நீளவாக்கில் அடுத்தடுத்து இரண்டு பலகைகள். அவ்வளவுதான் அதன் தொழில்நுட்பம். ஒருவர் தாராளமாக நடக்கலாம். எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நின்று வழி விட வேண்டும். பெரியம்மாவுக்கு வழிவிட எதிரே வந்த எல்லோரும் முன்கூட்டியே நின்றார்கள். நின்று, "மொய்" என்று வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பலகையின் இருபுறமும் ஸ்ஃபேக்னம்.

பெரியம்மா முதலில் எதுவும் பேசவில்லை. கைத்தடியை என்னிடம் கொடுத்தார். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பலகைமேல் உட்கார்ந்தார். வலது உள்ளங்கையை விரித்துப் பாசிமேல் வைத்து அழுத்தினார். மணிக்கட்டுவரை கை உள்ளே போயிற்று. கையைச் சுற்றித் தண்ணீர் மேலேறி வந்தது. கையை எடுத்ததும் தண்ணீர் கீழே இறங்கியது. பாசி மெல்ல எழுந்து பழைய உயரத்துக்கு வந்தது. "எத்தனை குளிர்ச்சி" என்றார். அதற்குப் பிறகுதான் பாடம் தொடங்கியது.

ஸ்ஃபேக்னத்தின் இலையில் இருவகைச் செல்கள். பச்சையம் உள்ள, ஒடுங்கிய, உயிருள்ள செல்கள் ஒரு வலையாக ஓடுகின்றன. அந்த வலையின் கண்களில் பெரிய, வெறுமையான, இறந்த செல்கள் இருக்கின்றன. அவற்றின் சுவர்களில் துளைகள். தண்ணீரைத் தேக்குபவை இந்த இறந்த செல்களே. உலர்ந்த எடையைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு தண்ணீரை இந்தப் பாசி பிடித்து வைக்கும். முதல் உலகப் போரில் பிரிட்டனில் இதைக் காயக்கட்டாகப் பயன்படுத்தினார்கள். "இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். கைக்கு இப்படி இருக்கும் என்று சொல்ல எனக்கே தெரியாது" என்றார்.

இந்தப் பாசி வெறுமனே தண்ணீரைத் தேக்குவதோடு நிற்பதில்லை. தண்ணீரில் இருக்கும் கால்சியம் போன்ற தாது அயனிகளை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே விடுகிறது. அதனால் சுற்றியுள்ள நீர் அமிலமாகிறது. அமிலமும் ஆக்சிஜன் பற்றாக்குறையும் சேர்ந்து, இறந்த செடிகளை மக்கவிடாமல் தடுக்கின்றன. மேலே வளர்ந்துகொண்டே, கீழே இறந்துகொண்டே, தன் உடல்மேல் தானே ஏறி நிற்கிறது ஸ்ஃபேக்னம். சதுப்பின் நடுப்பகுதி விளிம்பைவிட உயர்ந்திருப்பது இதனால்தான். நிலத்தடி நீரோ ஓடைநீரோ அந்த உயரத்தை எட்டாது. மழையும் பனியும் கொண்டுவருவதுதான் அங்கே வாழும் செடிகளுக்கு ஊட்டம்.

ஊட்டம் அவ்வளவு குறைவு என்பதால்தான் ட்ரோசெரா என்ற செடி பூச்சி பிடிக்கிறது. அதைப் பெரியம்மா முன்பே அறிவார். மாணவிகளை நீலகிரிக்கு அழைத்துப்போனபோது அங்கே வளரும் இனங்களைக் காட்டியிருக்கிறார். இங்கே இருப்பது வட்ட இலை உடையது. அரை அங்குலம்கூட இல்லாத இலை, அதைச் சுற்றிச் சிவப்பு முடிகள், ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு பசைத்துளி. நாங்கள் பார்த்த இலையில் ஒரு கொசு ஒட்டியிருந்தது. ஒரு பக்கத்து முடிகள் ஏற்கெனவே அதன்மேல் வளைந்து கவிந்திருந்தன. பலகையின் விளிம்புக்கும் அந்த இலைக்கும் ஒரு சாண் இடைவெளி. அந்தச் சாணைத் தாண்டிக் கால் வைக்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

எளிய பாதை என்றாலே ஏதோ இரண்டாந்தரம், உண்மையான இயற்கை எங்கோ கடினமான இடத்தில் இருக்கிறது என்ற எண்ணம் நடைப்பயணம் போகிறவர்களிடம் நிறைய உண்டு. அதை நான் ஏற்கவில்லை. இந்தச் சதுப்பில் பலகை இல்லையென்றால் வலுவான இளைஞனும் நூறு மீட்டர் போவதற்குள் முழங்கால்வரை நனைந்து திரும்புவான். அவன் மிதித்த தடம் பல ஆண்டுகள் ஆறாது. பலகை போட்டதால் எழுபதைத் தொடும் ஒரு பேராசிரியை, 12 மீட்டர் ஆழப் பாசிப்படிவின்மேல் உட்கார்ந்து பாடம் நடத்துகிறார். பாசியும் பிழைத்திருக்கிறது, அவரும் உள்ளே வந்துவிட்டார். இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை.

சதுப்பின்மேல் நிற்கும் பைன் மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணிக்கட்டுத் தடிமன், என் தோளுயரம். கன்றுகள் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். ஊட்டமில்லாத, எப்போதும் ஈரமான மண்ணில் இவை வளர்வதே அரிது. இந்த உயரத்தில் நிற்கும் பைனுக்கு நூறு வயதுகூட இருக்கலாம். மரங்களினடியில் சுவோபுர்சு என்ற புதர். இலையைத் தேய்த்தால் கற்பூரமும் பிசினும் கலந்த ஒரு காட்டமான வாசனை. இலையின் அடிப்பக்கம் துருநிறத்தில் பஞ்சு பூத்திருக்கும். ஜூனில் வெள்ளைப் பூ. ஆகஸ்ட் கடைசியில் வந்ததால் பூ பார்க்கக் கிடைக்கவில்லை, வாசனை கிடைத்தது.

மாலையில் பறவை பார்க்கும் கோபுரத்தின் அடியில் பெரியம்மாவை உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் மேலே ஏறினேன். பெருங்கொக்குகள் கூட்டமாக வந்து இறங்கின. நம் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு வேறு, இது வேறு. சாம்பல் உடல், மார்பளவு உயரம், உச்சந்தலையில் சிறு சிவப்புத் திட்டு. பகலில் அறுவடை முடிந்த வயல்களில் மேய்ந்துவிட்டு, இரவில் நரி நெருங்க முடியாத சதுப்பு நீரில் வந்து தங்குகின்றன. தெற்கே புறப்படும் காலம் நெருங்குகிறது. அவற்றின் எக்காளம் கீழே இருந்த பெரியம்மாவுக்கு எனக்குக் கேட்டதைவிட நன்றாகவே கேட்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எத்தனை கூட்டம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

புதன்: லியெஸ்யார்வி

நேற்றைய இடத்துக்கு மிகப் பக்கத்தில், அதே தம்மெலாவில் இன்னொரு தேசியப் பூங்கா. 1977இல் தொடங்கியது. தம்மெலாவில் வாடகைக்கு எடுத்த மரவீட்டிலிருந்து சாவகாசமாகக் கிளம்பினோம்.

இங்கே பார்க்க வேண்டியது கூனாரன்ஹர்யு. இரண்டு ஏரிகளுக்கு நடுவே, வயல் வரப்பைப்போல, ஒடுங்கி நீண்டு ஓடும் ஒரு மணல்மேடு. மேலே பைன் மரங்கள், நடுவில் ஒற்றையடிப் பாதை, இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கமும் தண்ணீர். மனிதர் கட்டியதல்ல. பனிப்பாளம் உருகிய காலத்தில் அதன் அடியில் சுரங்கமாக ஓடிய ஆறுகள் மணலையும் கூழாங்கற்களையும் தம் படுகையில் கொட்டிக்கொண்டே போயின. மேலிருந்த பனி மறைந்ததும் ஆற்றுப்படுகை மட்டும் மேடாக எஞ்சியது. எஸ்கர் என்று புவியியலில் படித்தது இதைத்தான். ஆறு ஓடிய வழியிலேயே, அதன் முதுகில் ஏறி நடக்கிறோம். மணல் தண்ணீரை வடித்துவிடுவதால் பாதை உலர்ந்து, பைன் ஊசி மெத்தையோடு, காலுக்கு இதமாக இருக்கிறது. மூட்டுவலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல தரை கிடையாது என்பது பெரியம்மாவின் தீர்ப்பு. இன்று கைத்தடியை அவர் பெரும்பாலும் செடிகளைச் சுட்டிக்காட்டத்தான் பயன்படுத்தினார்.

கோர்டெனியெமி என்ற பழைய வனக்காவலர் பண்ணையும் பூங்காவுக்குள் இருக்கிறது. 1910களின் வாழ்க்கை எப்படியிருந்ததோ அப்படியே பேணுகிறார்கள். ஆடுகள், மரவேலி, சிறு காய்கறித் தோட்டம். வேலியின் கட்டுமானம் அண்ணனுக்குப் பிடித்துப்போய் நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டார். ஆணியே இல்லை, நீண்ட கழிகளைச் சாய்வாக அடுக்கி, ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் இளங்கொம்புகளை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

மதியச் சாப்பாடு ஏரிக்கரையில். தீமூட்டும் இடங்களில் விறகு இலவசமாக அடுக்கி வைத்திருக்கிறது. பிளந்துகொள்ளக் கோடரியும் உண்டு. ஆனால் கண்ட இடத்தில் தீ மூட்டக்கூடாது. காட்டுத்தீ எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் திறந்த அடுப்புக்கும் தடை. புறப்படும் முன் வானிலை அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. குப்பைத்தொட்டி எங்கும் கிடையாது. கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப்போக வேண்டும். பக்கத்து நெருப்பில் ஒரு குடும்பம் தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் எலுமிச்சை சாதமும், கடையில் வாங்கிய கரேலியப் பிராக்காவும் சாப்பிட்டோம். பிராக்கா என்பது ரை மாவில் மெல்லிய ஓடு செய்து, அதில் அரிசிக் கஞ்சியை நிரப்பிச் சுட்ட பலகாரம். நெருப்பில் லேசாக வாட்டினால் அருமை.

பெர்ரி பறிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தேசியப் பூங்காவிலும் பெர்ரியும் உண்ணத்தக்க காளானும் பறிக்கலாம். மற்றச் செடிகளைப் பறிக்கக்கூடாது. கிளவுட்பெர்ரியின் காலம் முடிந்துவிட்டது. கறுநீல மஸ்டிக்கா கடைசிச் சுற்றில் இருந்தது. சிவந்த லிங்கன்பெர்ரி இப்போதுதான் நன்றாகப் பழுக்கிறது. காளானை மட்டும் நாங்கள் தொடவில்லை. அறியாத காளானைப் பறிக்கக்கூடாது என்று ஒரு தாவரவியல் பேராசிரியை சொன்ன பிறகு விவாதத்துக்கு இடமேது.

பூச்சிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கொசு ஜூன், ஜூலையில்தான் அதிகம், இப்போது குறைந்துவிட்டது. இப்போதைய தொல்லை ஹிர்விகார்பனென் என்ற தட்டையான ஈ. உடலில் வந்து விழுந்ததும் இறக்கையை உதிர்த்துவிட்டு முடிக்குள் ஊர்ந்துவிடும். உண்ணிகளும் உண்டு. முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை, இரவில் உடல் முழுவதும் ஒரு சோதனை. இவற்றைத் தவறாமல் செய்தால் பயப்பட வேண்டியதில்லை.

வியாழன்: செய்ட்செமினென்

காலையிலிருந்து தூறல். தம்பெரே நகரைத் தாண்டி வடமேற்கே நெடுந்தூரம் வந்தோம். 1982இல் உருவான பூங்கா.

முல்டிஹர்யு என்ற மேட்டில் தொன்மையான காடு பிழைத்திருக்கிறது. சுமார் 2 கி.மீ. சுற்றுப்பாதை. 400 வயதான பைன்கள் இங்கே இருக்கின்றன. நின்றபடியே இறந்து, பட்டை உதிர்ந்து, வெள்ளியாக வெளுத்து, அதற்குப் பிறகும் பல தலைமுறைகள் சாயாமல் நிற்கும் மரங்களும் உண்டு, கெலோ என்பார்கள். விழுந்து கிடக்கும் மரங்களை யாரும் அப்புறப்படுத்துவதில்லை. பாதையின் குறுக்கே விழுந்ததை மட்டும் நடக்கும் அகலத்துக்கு அறுத்து விலக்கியிருக்கிறார்கள். மழையில் கெலோவின் நிறம் இன்னும் எடுப்பாக இருந்தது.

ஆனால் நான் இங்கே வர விரும்பியதற்குக் காரணம் வேறு. பின்லாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சதுப்பாக இருந்தது. அதில் பாதிக்கும் மேலான பரப்பில் வடிகால் வெட்டிவிட்டார்கள். பெரும்பகுதி, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சில பத்தாண்டுகளில் நடந்தது. போரில் நொந்த நாடு. காகித ஆலைகளுக்கு மரம் வேண்டும். நீர் தேங்கிய நிலத்தில் மரம் வளராது. தண்ணீரை வடித்தால் காடு. அன்றைக்கு அது முன்னேற்றமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. செய்ட்செமினெனின் சதுப்புகளிலும் நிறைய வாய்க்கால்கள் ஓடின.

வடிகால் வெட்டினால் என்ன ஆகும் என்பதைப் பெரியம்மா குடையைப் பிடித்துக்கொண்டே விளக்கினார். நீர்மட்டம் இறங்குகிறது. இதுவரை மூச்சில்லாமல் கிடந்த பீட்டுக்குள் காற்று நுழைகிறது. நுண்ணுயிர்கள் அதை மக்கச் செய்யத் தொடங்குகின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பூட்டிவைத்த கார்பன் வளிமண்டலத்துக்குப் போகிறது. ஸ்ஃபேக்னம் காய்ந்து, அதன் இடத்தைக் காட்டுப் பாசிகளும் புதர்களும் பிடிக்கின்றன. ஓடைகளிலும் ஏரிகளிலும் கலங்கல் இறங்குகிறது.

இந்தப் பூங்காவில் வாய்க்கால்களைத் திரும்பத் தூர்த்திருக்கிறார்கள். எந்திரத்தைக் கொண்டுவந்து, முன்பு தோண்டிக் கரையில் போட்ட பீட்டையே மீண்டும் உள்ளே தள்ளி, இடையிடையே அணை வைத்து, வடிகாலுக்குப் பின் முளைத்த மரங்களை வெட்டி, தண்ணீர் மறுபடி தங்கும்படி செய்கிறார்கள். பாதையோரத்தில் அப்படித் தூர்ந்த ஒரு வாய்க்காலைப் பார்த்தோம். நேர்கோடு இன்னும் தெரிகிறது. இயற்கையில் அவ்வளவு நேரான கோடு கிடையாது. கோட்டின்மேல் பருத்திப்புல் கொத்துகள். அவற்றின் நடுவே, தண்ணீரில் மிதந்தபடி, இளம்பச்சையில் ஸ்ஃபேக்னம். இரண்டு பக்கமும் வேர் மூழ்கிச் செத்த ஸ்புரூஸ் மரங்கள் மொட்டையாக நின்றன. பார்க்க அழகான இடமே அல்ல. அண்ணன்கூட "மரங்கள் பாவம்" என்றார். "இந்த மரங்கள் ஐம்பது அறுபது வருஷத்து விருந்தாளிகள். பாசிதான் வீட்டுக்காரர்" என்றார் பெரியம்மா. வாரம் முழுக்கப் பார்த்த இடங்களில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது இந்த அசிங்கமான மூலைதான். செய்ததைத் திருத்தலாம் என்பதற்கு மண்ணிலேயே சான்று கிடக்கிறது. பழைய ஆழம் திரும்ப வர ஆயிரம் ஆண்டுகளாகும் என்றாலும், மேல்தோல் ஒரு தலைமுறைக்குள் உயிர்பிடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

நனைந்த பலகை வழுக்கும். பாதத்தை முழுதாக ஊன்றி, சிறு எட்டாக வைத்து, திரும்பும்போது கட்டை இருக்கும் இடமாகப் பார்த்துத் திரும்ப வேண்டும். கைத்தடியின் முனையில் புது ரப்பர் மாட்டிக்கொண்டு வருவது வயதானவர்களுக்கு மிக அவசியம். வேறொன்றும் இன்று எழுதுவதற்கில்லை. ஈரத்துணிகளை உலர்த்தவே மாலை சரியாகிவிட்டது.

வெள்ளி: குர்யென்ரஹ்கா

துர்கு நகருக்கு வடக்கே, 1998இல் உருவான பூங்கா. வானம் வெளுத்துவிட்டது. சவோயார்வி ஏரியைச் சுற்றி சுமார் 6 கி.மீ. பாதை, காடு, சதுப்பு, ஏரிக்கரை மூன்றும் மாறி மாறி வருகின்றன. முழுச்சுற்றும் பெரியம்மாவுக்கு அதிகம் என்பதால் அவரும் அண்ணனும் சதுப்பையும் கரையையும் தொட்டு வந்தவழியே திரும்புவது, நான் சுற்றி வருவது என்று பிரித்துக்கொண்டோம். பெற்றோரை அழைத்து வருபவர்கள் இந்த முறையை யோசிக்கலாம். பாதை வட்டமாக இருக்கிறது என்பதற்காக வட்டத்தை முடித்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

நான் நடந்த பக்கத்தில் குஹன்குவோனோ என்ற எல்லைக்கல் இருக்கிறது. இடைக்காலத்திலிருந்து பல ஊர்களின் எல்லைகள் இந்த ஒரே கல்லில் வந்து சேர்ந்தன. பயிரிட முடியாத, குடியிருக்க முடியாத சதுப்பு. அதனால்தான் எல்லோருக்கும் அது விளிம்பாக இருந்திருக்கிறது. இக்காலத்தில் அதே இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை நடைக்குக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

திரும்பி வந்தபோது பெரியம்மா கரையோரப் பலகையில் உட்கார்ந்து மூன்று நிற ஸ்ஃபேக்னங்களை வரைந்து முடித்திருந்தார். மேட்டின் உச்சியில் பழுப்பு, சரிவில் சிவப்பு, தண்ணீரோரம் பச்சை. ஈரத்தின் அளவு ஒரு சாண் மாறினால் இனமும் மாறிவிடுகிறது. சிவந்த கொத்தின் மேலே கிரான்பெர்ரிக் கொடி நூலாக ஓடியிருந்தது. காய்கள் ஒரு பக்கம் மட்டும் சிவந்து, மறுபக்கம் வெளுத்துக் கிடந்தன. செப்டம்பர் கடைசிக்கு மேல்தான் பறிப்பார்களாம், முதல் உறைபனிக்குப் பிறகு இனிப்பு கூடும் என்று காத்திருப்பவர்களும் உண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் உள்ளூர்ப் பாட்டி சொன்னதை அண்ணன் மொழிபெயர்த்திருக்கிறார். அந்தப் பாட்டியும் பெரியம்மாவும் ஒரு மணி நேரம் லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். செடிகளின் லத்தீன் பெயர்களே இருவருக்கும் பொதுமொழி.

பாதையோரம் ஓரிடத்தில் புதுப் பலகைகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. ஈரத்தில் கிடக்கும் மரம் பதினைந்து இருபது ஆண்டுகளில் மக்கிவிடும். ஆகவே எங்காவது ஒரு பகுதியை எப்போதும் மாற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும். தேசியப் பூங்காக்களைப் பராமரிக்கும் மெட்சாஹல்லிடுஸ் என்ற அரசு அமைப்பின் வேலை அது. பலகைகளைச் சதுப்பின் நடுவுக்கு எப்படிக் கொண்டுபோவார்கள் என்று கேட்டேன். குளிர்காலத்தில் தரை உறைந்து பனி மூடிய பிறகு பனிவண்டியில் இழுத்துச் சென்று இறக்கிவைப்பார்கள், வெயில் காலம் வந்ததும் போடுவார்கள் என்றார் பாட்டி. அப்போதுதான் பாசிக்குக் காயம் படாது. வாரம் முழுக்க நாங்கள் நடந்த ஒவ்வொரு பலகையையும் இப்படி யாரோ மைனஸ் குளிரில் சுமந்து வந்து வைத்திருக்கிறார்கள்.

வண்டியில் ஏறியதும் பெரியம்மா ஒரு கடிதம் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதிக்கொண்டார். பாதை பராமரிப்பவர்களுக்கு நன்றி. பலகைகள் உறுதியாக இருந்தன. அடையாளங்கள் தெளிவாக இருந்தன. கூடவே ஒரு வேண்டுகோள்: பலகைகளைப் புதுப்பிக்கும்போது சதுப்பின் நடுவில் இன்னும் சில இடங்களில் உட்கார ஒரு பெஞ்சு போட்டால், முழங்கால் வலி உள்ளவர்கள் இன்னும் கொஞ்ச தூரம் உள்ளே வருவார்கள்; பெஞ்சின் உயரம் 45 செ.மீ. இருந்தால் எழுந்திருக்க வசதி. அண்ணன் அதை ஃபின்னிஷ் மொழியில் பெயர்த்து இன்றிரவே அனுப்புகிறார்.